தூசி என்று பேர் வாங்கிய இருமல்

"மொதல்ல அந்த விளக்க அமத்துங்க. அமத்துனாத்தான் உள்ள வருவேன்."

வாசலில் நின்றபடி ஒரு பெண் என்னை அதட்டினாள். கையில் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு. முந்தானையை வாரி இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். கால் வைத்தால் தரை வெடித்துவிடும் என்பதுபோல நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

நான் அப்போது சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன அரசு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். மேஜைமேல் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, அதன்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி வரும்வரை அடியில் சூடு காட்ட வேண்டும். வேலை பாதியில் நின்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

"இது ஆஸ்பத்திரி. நீங்க சொல்ற நேரத்துக்கு அமத்தி அமத்திப் பொருத்த முடியாது" என்றேன்.

"என் சேலையைப் பாருங்க. பூரா பவுடரு. ஒரு பொறி பட்டாப் போதும், நானும் போவேன், நீங்களும் போவீக."

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். காதோர முடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளியாக மின்னின. அலுமினியப் பவுடர். புஸ்வாணச் சட்டியில் மருந்து அடைக்கிற வேலை முடிந்து, கம்பெனி வேனிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறாள். விளக்கை ஊதி அணைத்தேன். அப்படியும் அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை, சீட்டை மட்டும் உள்ளே நீட்டினாள்.

பேர் பேச்சியம்மாள். நாரணாபுரத்துக்காரி. வயது நாற்பதை ஒட்டி. என்னைவிட நாலைந்து வருஷம் மூத்தவள் என்பதால் அன்றைக்கே பேச்சியக்கா ஆகிவிட்டாள்.

லீவில் நிற்காத இருமல்

எங்கள் பக்கம் இருமலுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். பட்டாசு சீசன் சூடு பிடித்தால் தெருவே இருமும். கேட்டால் ஒரே பதில், "தூசி." சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு கருப்பட்டி. அது தொண்டையில் ஒட்டிய பவுடரை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்று நம்பிக்கை. சளியும் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு வரும். கண்ணால் பார்த்த பிறகு தூசி இல்லை என்று யார் சொல்வார்கள்?

தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்களில் அந்த இருமல் தானாகக் குறைந்துவிடும். மறுபடி வேலை தொடங்கினால் மறுபடி வரும். இது ஊரறிந்த கணக்கு.

பேச்சியக்காவுக்கு அந்த லீவில் இருமல் நிற்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தது மகள் செல்வி. சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைதீபாவளிக்குப் புருஷனோடு வந்தவள், மசக்கையில் படுத்துக்கொண்டே அம்மாவின் இருமலைக் கேட்டிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய பிறகு தெருமுனைக் கடை போனுக்குக் கூப்பிட்டு விசாரித்தபோதும் அதே இருமல். "அம்மா, தெருவுல எல்லாரும் நிப்பாட்டியாச்சு. நீ மட்டும் யாருக்கும்மா இருமுறே?" என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் வளைகாப்பே வேண்டாம் என்று மிரட்டியிருக்கிறாள். செல்போன் தெருவுக்கு ஒன்று இருந்த காலம் அது. மிரட்டலைக் கடைக்காரரும் கேட்டிருப்பார்.

பேச்சியக்கா ஆலை திறக்கும்வரை இழுத்தடித்துவிட்டு, மகள் மிரட்டலுக்காகத்தான் வந்திருந்தாள். "தூசிதாம்மா. ஒரு டானிக்கு எழுதிக் குடுத்தா போயிரும். டாக்டரு ஐயாதான் சளியைக் குடு, சளியைக் குடுன்னு உசுர வாங்குறாரு."

சளியும் எச்சிலும்

சளி கேட்டால் நம் ஜனங்கள் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள். அது ஒன்றுக்கும் உதவாது. நெஞ்சு ஆழத்திலிருந்து வர வேண்டும். "மூச்சை நல்லா இழுங்க, இருமுங்க, காறுங்க" என்று வேப்பமரத்தடியில் நின்று நான் நடித்துக் காட்டாத நாள் கிடையாது. போகிற வருகிற பிள்ளைகள் எனக்குச் சளியக்கா என்றே பேர் வைத்துவிட்டன. பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள் காதில் அது விழுந்து நடந்த கூத்தை முன்பே எழுதியாயிற்று.

காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளியை வீட்டிலிருந்து கொண்டுவர ஒரு டப்பா கொடுப்போம். ஒரு பெரியவர் அந்த டப்பா நன்றாக இருக்கிறதே என்று மூக்குப்பொடி போட்டு வைத்துக்கொண்டு, சளியைக் காலிப் புஸ்வாணச் சட்டியில் கொண்டுவந்தார். திரியை மட்டும் வைக்கவில்லை. புண்ணியவான்.

பேச்சியக்கா அப்படியெல்லாம் செய்யவில்லை. மறுநாள் காலை கொண்டுவந்த டப்பாவை நிலைப்படியில் வைத்துவிட்டு, "விளக்கு எரியுதா?" என்று எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது துவைத்த சேலை. இருந்தாலும் உள்ளே வரவில்லை. பழக்கம் அப்படி.

நீலத்தில் சிவப்பு

என் அப்பா ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேன். காலண்டர் தாளில் சாமி படம் அச்சாகி வந்ததும் ஒரு சின்ன லென்ஸை அதன்மேல் வைத்துக் குனிந்து பார்ப்பார். சரஸ்வதியின் முகம் லென்ஸுக்குள் போனதும் காணாமல் போய், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் மட்டும் இருக்கும். அதனால் மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகக் குனிந்தபோது எனக்கு அது புது ஊராகத் தெரியவில்லை.

காசநோய்க் கிருமி ஒரு விசித்திரமான ஜென்மம். உடம்பைச் சுற்றி மெழுகு பூசிக்கொண்டது மாதிரி ஒரு தோல். சாதாரணமாகச் சாயம் ஏறாது. சூடு காட்டிச் சிவப்புச் சாயத்தை ஏற்றிவிட்டாலோ, அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் இறங்காது. மற்றதெல்லாம் வெளுத்துவிடும், இது மட்டும் சிவப்பாக நிற்கும். பிறகு நீலச் சாயத்தை ஊற்றினால் எல்லாம் நீலமாகி, நடுவில் இந்தப் பயல் மட்டும் மாட்டிக்கொள்வான். பிடிவாதத்தாலேயே பிடிபடுகிறவன்.

பாக்டீரியா எல்லாம் நமக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பது அவை போட்ட வேலைதான். நம் குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, வாடகை மாதிரி ஏதோ நல்லதும் செய்கின்றன. நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறைகளில் மைதாப் பசை கெட்டுப்போகாமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கிருமியைக் கண்ணால் பாராமலே அதோடு சண்டை போட்ட ஊர் எங்கள் ஊர்.

ஆனால் காசநோய்க் கிருமி அவசரப்படாத ரகம். மாவில் இருக்கிறவை மணிக்கு மணி பெருகும். இது ஒன்று இரண்டாக ஒரு நாள் பொழுதாகும். நம் உடம்பும் சும்மா இருக்காது. வேலி கட்டி அடைத்து வைக்கும். வேலிக்குள் வருஷக்கணக்காகத் தூங்கும். உடம்பு எப்போது தளர்கிறதோ அப்போது எழுந்து நுரையீரலை அரிக்கத் தொடங்கும். அப்புறம் இருமலில் ஏறி அடுத்த வீட்டுக்குப் பயணம். அதற்கு வேறு வண்டி தேவையில்லை.

பேச்சியக்காவின் சளியைப் பார்த்தேன். நீலப் பரப்பு. அதில் பவுடர்த் துணுக்குகள், அடியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைப்பதால் வெள்ளியும் கருப்பாகத்தான் தெரியும், அவள் சொன்ன தூசி. அது பொய்யில்லை. அந்தத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் சிவப்பாக, மெல்லிசாக, இரண்டும் மூன்றுமாகச் சாய்ந்து கிடந்தன கிருமிகள். ஒரு இடம் விடாமல் கிடந்தன. தூசி அவற்றுக்கு நல்ல மறைப்பாக இருந்திருக்கிறது.

"அப்ப என் மக?"

டாக்டர் நிதானமாகச் சொன்னார். காசநோய். மாத்திரை இருக்கிறது, இலவசம். ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். ஆலை வேலை இப்போதைக்கு வேண்டாம்.

பேச்சியக்கா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப என் மக?" என்றாள்.

செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம். தை மாசம் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பிறகு ஒரு வீட்டுக்குள் தாய், மகள், பச்சைப்பிள்ளை. பிறந்த குழந்தைக்கு இந்தக் கிருமி தொற்றினால் மூளைவரைக்கும் போய்விடும். டாக்டர் அதையும் மறைக்கவில்லை. "ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிடுங்க. சளியில் கிருமி இல்லைன்னு வரட்டும். அப்புறம் தாராளமா மகளைக் கூட்டிட்டு வாங்க." செல்வியையும் மருமகனையும் இப்போதே பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லேப்பம்மா, செல்விகிட்டயும் மருமகன்கிட்டயும் நான் பக்குவமாச் சொல்லி வரச் சொல்றேன். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் பிள்ளைய என் வீட்டு வாசல மிதிக்க விடமாட்டாக."

"மாத்திரை ஒன்னு தவறுச்சு, நானே சாத்தூருக்கு பஸ் ஏறிருவேன்" என்றேன்.

"நீங்க செஞ்சாலும் செய்வீக" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

மகளும் மருமகனும் சத்தமில்லாமல் வந்து பரிசோதித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

சிவப்பாய்ப் போன பயம்

ஒருநாள் விட்டு ஒருநாள் சுகாதார நிலையத்துக்கு வந்து எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். கை நிறைய மாத்திரை. தெருவில் கேட்டவர்களிடம் கால்வலிக்கு ஊசி போடப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள். கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நொண்டியும் காட்டினாள். சில நாள் எந்தக் கால் என்று மறந்துபோய் மாற்றி நொண்டுவாள்.

முதல் வாரத்தில் ஒருநாள் பதறியடித்து வந்தாள். "லேப்பம்மா, ஒன்னுக்கு செகப்பாப் போகுது. மத்தாப்புக் கலரு உடம்புல ஏறிருச்சு போல."

நான் சிரித்துவிட்டேன். அந்த மாத்திரையின் குணம் அது. மூத்திரத்தை, சில பேருக்குக் கண்ணீரைக்கூட ஆரஞ்சு நிறமாக்கும். "மாத்திரை உள்ள போய் வேலை செய்யுதுன்னு அர்த்தம்க்கா" என்றேன்.

"அதை மொதல்லயே சொன்னா என்னவாம்? ராத்திரிபூரா இருக்கன்குடி ஆத்தாளக் கூப்பிட்டுக் கெடந்தேன்" என்று என்னைத் திட்டினாள். திட்டுவதற்குத் தெம்பு வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். முகம் தெளிந்து வந்தது, சோறு இறங்கியது, இருமலும் பாதியாகக் குறைந்தது.

தை பிறந்தது. இரண்டு மாதம் முடிந்து, வளைகாப்புக்கு முந்தின வாரம் சளி கொடுத்தாள். நான் ஸ்லைடில் குனிந்தேன். நீலம், நீலம், கருப்புத் துணுக்கு, நீலம். பாதிக்கு மேல் பார்த்துவிட்டு மனசுக்குள் வளைகாப்புச் சோறே சாப்பிட்டுவிட்டேன். அப்போது ஓரத்தில் ஒரு சிவப்பு. தள்ளிப் போனால் இன்னொன்று.

என் கண்ணை நம்பாமல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு மாதம் அதே மாத்திரை, பிறகு மறுபடி சளி.

வாசலில் நின்றவளிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "வளைகாப்புக்கு நீங்களும் வாங்க. பக்கத்துல யாராச்சும் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

வளைகாப்பு

சாத்தூரில் சம்பந்தி வீடு. செல்விக்குக் கை நிறைய வளையல், கன்னம் நிறைய சந்தனம். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தயிர்சாதம் என்று வாசனை தெருவரை வந்தது. எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து வளையல் பூட்டினார்கள். பெற்ற தாய் மட்டும் முற்றத்து ஓரத்தில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். கூப்பிட்டபோதெல்லாம் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள்.

செல்வியின் மாமியார் சுப்புத்தாய். வருஷக்கணக்காகத் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கியவர். எதையும் பட்டென்று கேட்கிற ரகம். "நேரம் ஆகுது மதினி. வந்து வளையலப் போட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்புங்க" என்றார்.

பேச்சியக்கா முந்தானையை எடுக்கவில்லை. துணிக்குள்ளிருந்தே பேசினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எனக்கு டி.பி. இருக்கு மதினி. மாத்திரை சாப்பிடுறேன். இன்னும் சுத்தமாகல. ஒரு மாசம் பிள்ள இங்கனயே இருக்கட்டும். சுத்தமானதும் நானே வந்து கூட்டிக்கிடுறேன்."

செல்வியின் கை அசைந்து வளையல் குலுங்கியது மட்டும் கேட்டது. கால்வலி என்று ஊரை ஏமாற்றியவள், பொய் சொல்லி மகளைக் கூட்டிப் போக வழியிருந்தும் அதைச் செய்யவில்லை.

சுப்புத்தாய்க்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "தீபாவளிக்கு என் மகனும் மருமகளும் உங்க வீட்டுலதானே கெடந்தாக! இம்புட்டு நாளு என்னத்துக்கு மூடி வச்சீக?" என்றார். அவர்கள் இரண்டு பேரையும் பரிசோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. "ஒரு மாசம் என்ன, பிரசவமும் இங்கனயே நடக்கட்டும். உங்க வீட்டுக்கு அனுப்புறதா இல்ல" என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சியக்கா சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்று சொன்னேன். எனக்கே அந்தப் பதில் போதவில்லை.

சுப்புத்தாய் பார்த்த குச்சி

மாசியில் மறுபடி சளி வாங்கினேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஸ்லைடை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். வெறும் நீலம். டாக்டரும் பார்த்து, "சுத்தம்" என்றார். பேச்சியக்கா மகளுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். மகள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை பேச்சியக்காவையே துணைக்கு அழைத்துக்கொண்டு சுப்புத்தாய் என் லேபில் வந்து நின்றார். "சுத்தம்னு வாயால சொன்னா நான் நம்பமாட்டேன். எனக்குக் காட்டுங்க" என்றார்.

நான் பேச்சியக்காவைப் பார்த்தேன். அவள் வழக்கம்போல நிலைப்படிக்கு அந்தப் பக்கம், வாயில் முந்தானை. "காட்டுங்க லேப்பம்மா" என்றாள்.

பழைய ஸ்லைடுகளை மேலிடத்தில் சரிபார்ப்பதற்காகப் பத்திரமாக வைத்திருப்போம். முதலில் கார்த்திகை மாசத்து ஸ்லைடை வைத்தேன். சுப்புத்தாய் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாகத் தடுமாறி, கடைசியில் பிடித்துக்கொண்டார்.

"செகப்பா குச்சி குச்சியாக் கெடக்கே! மருந்து முக்காத தீக்குச்சியச் சிந்துனாப்புல."

"அதுதான் கிருமி."

"இம்புட்டுமா!" என்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். பிறகு மாசி மாசத்து ஸ்லைடை வைத்தேன். குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். இன்னும் என்றார். காலம்பூரா குச்சி பொறுக்கிய கண். வெளியே சளி கொடுக்க வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கழுத்து வலித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இதுல ஒரு குச்சிகூட இல்லையே?"

"இல்லம்மா."

சுப்புத்தாய் நேராக வாசலுக்குப் போனார். பேச்சியக்கா வாயில் பொத்தியிருந்த முந்தானையைத் தன் கையால் இழுத்து எடுத்தார். "இன்னும் என்னத்துக்கு இத மூடிக்கிட்டு நிக்கீக மதினி? வாங்க. வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

பிள்ளை சித்திரையில் பிறந்தது, நாரணாபுரத்து வீட்டில் வளர்ந்தது, பேச்சியக்கா மீதி மாத்திரைகளையும் ஒன்று விடாமல் விழுங்கினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு அந்தக் காலை நேரத்தை விட்டு வெளியே வர மனசில்லை.

நிலைப்படியில் இரண்டு சம்பந்திகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுது முடித்தார்கள். அவள் சொல்லாமலே நான் விளக்கை அணைத்தேன். பேச்சியக்கா முதல்முறையாக உள்ளே வந்தாள்.

"எனக்கும் ஒரு தடவ அந்தப் பழச காட்டுங்க" என்றாள்.

கார்த்திகை ஸ்லைடை மறுபடி வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் நெஞ்சுக்குள் குடியிருந்ததை அவளே பார்க்கட்டும் என்று நான் ஸ்லைடை மெல்ல நகர்த்திக் கொடுத்தேன்.

"ஏலே," என்றாள் மைக்ராஸ்கோப்புக்குள். "நீதானாலே? எனக்கும் என் பேரப்பிள்ளைக்கும் நடுவுல நின்னவன் நீதானா?"

அதற்கப்புறம் அவள் அவனைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.